மன்றமும் மாணவச் செய்தியாளரும்

பகை கொண்ட வேந்தர் இருவர் போர்க்களத்தில் எதிர்ப்படுவதற்கு முன்னர், அவர்களுக்கிடையே சொல் ஒன்று சென்று வருதல் நம் நாட்டின் பழைய வழக்கம். அச்சொல்லைத் தாங்கிச் சென்றவரைத் தூதர் என்றனர் முன்னோர். திருவள்ளுவரும் 'தூது' என ஓர் அதிகாரம் வகுத்து, அப்பணிக்கு உரியவர்தம் இயல்புகளை விளக்கியிருக்கின்றார்.

அதியமான் நெடுமான் அஞ்சிக்கும் தொண்டைமானுக்கும் பகை நேர்ந்த காலத்தில், அதியமான் பொருட்டுத் தூது சென்றவர் ஔவையார். தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலை அவருக்குப் பெருமிதத்தோடு காட்டினான். ஔவையார் அஞ்சி அடங்கவில்லை; சினந்து பேசவும் இல்லை. புகழ்வதுபோலப் பழித்தும், பழிப்பதுபோலப் புகழ்ந்தும் ஒரு பாட்டுப் பாடினார். அது புறநானூற்றின் 95ஆம் பாட்டாக இன்றும் நின்று நிலவுகிறது. மாணவர்களே! இன்று அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என வழங்கும் ஊர்கள் யாவும் அந்தத் தொண்டை நாட்டைச் சேர்ந்தவையே.

அப்பாட்டு நம் கைக்கு எவ்வாறு வந்தது என்பதை நீங்கள் எண்ணிப் பார்த்ததுண்டா? ஓலையில் எழுதி வைத்தார் ஒருவர். அவ்வோலை செல்லரிக்கும் முன் வேறோர் ஓலையில் அதனைப் படியெடுத்தார் மற்றொருவர். இவ்வாறு கைமாறிக் கைமாறி வந்த ஏடுகளைத் தேடித் தொகுத்து, ஒன்றோடொன்று ஒப்புநோக்கி, 1894ஆம் ஆண்டில் புறநானூற்றை அச்சேற்றினார் உ. வே. சாமிநாதையர். தூது சென்ற ஔவையாரின் பெயரை நாம் அறிவோம். படியெடுத்துக் காத்த பலருடைய பெயரை அறியோம். ஆயினும் அவர்களுள் ஒருவர் தம் மனம்போனபடி ஒரு சொல்லை மாற்றியிருந்தால், புகழ்ச்சி எது, பழிப்பு எது என்பதே விளங்காது போயிருக்கும். அவையில் பேசுவார் ஒருவர்; பேசியதைப் பழுதின்றி எழுதி வைப்பார் மற்றொருவர். இரண்டாமவருடைய கடமையைக் கூறுவதே இப்பாடம்.

முற்காலத் தூது இக்காலத்தில் பெரிய மன்றமாக வளர்ந்துள்ளது. இரண்டாம் உலகப்போர் முடியும் தறுவாயில், நாடுகள் பல சான்பிரான்சிஸ்கோ நகரத்தில் கூடி ஆராய்ந்து, 1945ஆம் ஆண்டு ஜூன் 26ஆம் நாள் ஐக்கிய நாடுகள் சாசனத்தில் கையெழுத்திட்டன. அவ்வாண்டு அக்டோபர் 24ஆம் நாள் அச்சாசனம் நடைமுறைக்கு வந்தது. தொடக்கத்தில் 51 நாடுகள் உறுப்பினவாக இருந்தன. இன்று 193 நாடுகள் இருக்கின்றன. இந்தியா அன்று விடுதலை பெறாத நாடு. எனினும் அதன் பெயரால் கையெழுத்திட்ட ஆற்காடு இராமசாமி முதலியார், வி. டி. கிருஷ்ணமாச்சாரி ஆகிய இருவரும் நம் தமிழ்நாட்டோடு தொடர்புடைய பெருமக்களாவர். இவர்களுள் முதலியார், 1946ஆம் ஆண்டில் அச்சபையின் பொருளாதார சமூகக் குழுவுக்கு முதல் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவர் அதற்குப் பல்லாண்டுகளுக்கு முன் 'ஜஸ்டிஸ்' என்னும் ஆங்கில நாளிதழின் ஆசிரியராக இருந்தவர் என்பது நம் பாடத்திற்கு மிகவும் பொருந்துவதாகும். செய்தி எழுதும் மேசையிலிருந்து உலக மன்றத்திற்குச் செல்லவும் வழியுண்டு என்பதற்கு அவர் வாழ்க்கையே சான்று.

இம்மன்றத்தின் நடைமுறைகளை மாணவர் தாமே நடத்திப் பயிலும்பொருட்டு அமைந்ததே மாதிரி ஐக்கிய நாடுகள் மாநாடு. ஐக்கிய நாடுகள் சபைக்கு முன்னோடியாகிய சர்வதேச சங்கம் இருந்த 1920ஆம் ஆண்டுகளிலேயே, மேனாட்டுப் பல்கலைக்கழக மாணவர் அதன் கூட்டங்களைப்போலத் தாமும் கூட்டங்கள் நடத்திப் பழகினர். பின்னர் இவ்வழக்கம் பள்ளிகளுக்கும் பரவியது. நெதர்லாந்து நாட்டின் ஹேக் நகரில் 1968ஆம் ஆண்டு தொடங்கிய பள்ளி மாணவர் மாநாடு உலகப் புகழ்பெற்றது. நம் நாட்டிலும் இதற்கு இனமான முயற்சி ஒன்று உண்டு. 1962ஆம் ஆண்டில் பம்பாயில் கூடிய அனைத்திந்தியக் கொறடாக்கள் மாநாட்டின் பரிந்துரையை ஒட்டி, 1966ஆம் ஆண்டு முதல் தில்லிப் பள்ளிகளில் இளைஞர் பாராளுமன்றம் நடைபெறலாயிற்று. இன்று சென்னை மாநகரிலும், அதன் மேற்குப் புறநகர்களிலும், மாதிரி ஐக்கிய நாடுகள் மாநாட்டைப் பள்ளிகளும் கல்லூரிகளும் நடத்துகின்றன. 'எம். யூ. என்.' என்று மாணவர் அதனைச் சுருக்கமாக வழங்குவர்.

அம்மாநாடு நடைபெறும் முறையைச் சிறிது காண்போம். பள்ளியின் பெருங்கூடம் பொதுச்சபையாகிறது. வகுப்பறை ஒன்று பாதுகாப்புச் சபையாகிறது. மேசைதோறும் ஒரு நாட்டின் பெயர் எழுதிய அட்டை நிற்கும். பட்டாபிராமிலிருந்து மின்சார ரயிலில் வந்த மாணவி பிரேசில் நாட்டின் பிரதிநிதியாவாள். திருமுல்லைவாயிலிலிருந்து மிதிவண்டியில் வந்த மாணவன் நார்வே நாட்டின் பிரதிநிதியாவான். அவர்கள் தம் சொந்தக் கருத்தைக் கூறுதல் கூடாது. தாம் ஏற்ற நாட்டின் கொள்கை யாதோ, அதனையே எடுத்துரைத்தல் வேண்டும். தலைவர் அழைக்கும் முறைப்படி எழுந்து, வரையறுத்த காலத்திற்குள் பேசி அமர்வர். இடையிடையே அவை கலைந்து, கூட்டங்கூட்டமாக நின்று உரையாடுவர். தீர்மானத்தின் வரைவு அப்போதுதான் உருவாகும். பின்பு திருத்தங்கள் வரும். இறுதியில் வாக்கெடுப்பு நிகழும்.

இவ்வளவும் நிகழும்போது, கூடத்தின் ஓரத்தில் குறிப்பேடும் எழுதுகோலுமாகச் சில மாணவர் அமர்ந்திருப்பர். அவர்கள்முன் நாட்டின் பெயர் தாங்கிய அட்டை இல்லை. அவர்கள் கை உயர்த்தி வாக்களிப்பதில்லை. அவர்களே தொண்டு மனத்தோடு செய்திப் பணியை ஏற்ற மாணவச் செய்தியாளர். மாநாட்டின் நாளேட்டை எழுதி, அச்சிட்டு, அனைவர்க்கும் வழங்குவது அவர்கள் பொறுப்பு. 'பேசுவோர்க்குப் புகழ் கிடைக்கிறது. நமக்கு என்ன கிடைக்கும்?' என்று சிலர் இப்பணியை விரும்பாது ஒதுங்குவர். அஃது அறியாமை. பிரதிநிதி ஒரு நாட்டின் கொள்கையை அறிந்தால் போதும். செய்தியாளரோ அவையிலுள்ள எல்லா நாடுகளின் கொள்கையையும் அறிந்திருத்தல் வேண்டும். பிரதிநிதி பேசக் கற்கிறார்; செய்தியாளர் கேட்கக் கற்கிறார். இரண்டனுள் எது அரிது என்பதைச் சிறிது நேரம் வாய் திறவாமல் அமர்ந்து பார்த்தவர் அறிவர்.

இப்பணி மூன்று நிலைகளை உடையது. முதலாவது, மாநாட்டிற்கு முன் செய்வது. விவாதப் பொருள் யாது, அதில் எந்தெந்த நாடுகள் எந்தெந்த நிலையில் நிற்கின்றன, முன்னர் நிறைவேறிய தீர்மானங்கள் எவை என்பனவற்றைப் படித்துக் குறித்துக்கொள்ளுதல் வேண்டும். இதனைச் செய்யாதவர் அவையில் அமர்ந்தும் பயனில்லை. பேசுவது எதைப் பற்றி என்பதே அவருக்குப் புலப்படாது.

இரண்டாவது, அவை நிகழும்போது செய்வது. யார் கூறினார், எப்போது கூறினார், எச்சொல்லால் கூறினார் என்னும் மூன்றையும் உடனுக்குடன் குறித்தல் வேண்டும். மேற்கோள் குறிக்குள் அமையும் சொல், பேசியவர் வாயிலிருந்து வந்த சொல்லாகவே இருத்தல் வேண்டும். நாம் அழகு செய்த சொல்லாக இருத்தல் கூடாது. அவை கலைந்து நிற்கும் நேரத்தில் பிரதிநிதிகளை அணுகி ஐயம் கேட்கலாம். நியூயார்க்கிலும் பாதுகாப்புச் சபையின் தனிக் கலந்தாய்வுகளில் செய்தியாளர்க்கு இடமில்லை. அவர்கள் வெளியே காத்திருந்து, வருவோரை வினவியே செய்தி பெறுகின்றனர். 'இதனை வெளியிட வேண்டா' என்று முன்னரே கூறி ஒருவர் சொன்னதையும், அதற்கு நாம் உடன்பட்டதையும், காத்தல் நம் கடமை.

மூன்றாவது, அவை முடிந்தபின் செய்வது. எழுதியதை மீண்டும் படித்து, ஐயமுள்ள இடங்களை உரியவரிடமே கேட்டுத் தெளிந்து, அதன் பின்னரே அச்சுக்கு அனுப்புதல் வேண்டும். செய்தி வேறு, கருத்து வேறு என்பதையும் மறத்தலாகாது. 'தீர்மானம் நிறைவேறியது' என்பது செய்தி. 'தீர்மானம் நன்று' என்பது கருத்து. கருத்துக்குத் தலையங்கம் என்னும் தனியிடம் உண்டு. பாலையும் நீரையும் கலந்து விற்பவனைக் கடிந்துகொள்ளும் நாம், இவ்விரண்டையும் கலந்து எழுதலாமா?

இனி, சொல்லின் அருமையைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். உலக மன்றத்துத் தீர்மானங்களில் வரும் வினைச்சொற்கள் படிக்கட்டுப்போல அமைந்தவை. 'கவலை கொள்கிறது' என்பது ஒரு படி. 'வருந்துகிறது' என்பது அதற்கு மேற்படி. 'கண்டிக்கிறது' என்பது அதற்கும் மேற்படி. 'வேண்டுகிறது' என்பதும் 'முடிவு செய்கிறது' என்பதும் ஒன்றல்ல. 'வருந்துகிறது' என்ற இடத்தில் 'கண்டிக்கிறது' என்று எழுதும் செய்தியாளர், பல நாடுகள் நெடுநேரம் வாதிட்டுக் கட்டிய படியை ஒரு நொடியில் இடித்துவிடுகிறார்.

1967ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் இசுரேலுக்கும் அதன் அண்டையிலுள்ள அரபு நாடுகளுக்கும் போர் மூண்டது. அவ்வாண்டு நவம்பர் 22ஆம் நாள், பாதுகாப்புச் சபை தன் 242ஆம் தீர்மானத்தை ஒருமனதாக நிறைவேற்றியது. அப்போரில் கைப்பற்றிய நிலப்பகுதிகளிலிருந்து இசுரேல் படை விலகுதல் வேண்டும் என்பது அத்தீர்மானத்தின் ஒரு கூறு. அதன் ஆங்கில வாசகத்தில் 'நிலப்பகுதிகள்' என்னும் சொல்லுக்கு முன் 'தி' என்னும் சுட்டு இல்லை. பிரெஞ்சு வாசகத்திலோ சுட்டாகக் கொள்ளத்தக்க சொல் இருக்கிறது. கைப்பற்றிய பகுதிகள் அனைத்துமா, அவற்றுள் சிலவா என்று அன்று எழுந்த வழக்கு இன்றளவும் ஓயவில்லை. ஒரு சிறு சொல்லின் வரவும் இன்மையும் நாடுகளின் எல்லையையே வழக்கிற்கு உள்ளாக்கின. தமிழில் எழுதும்போது இவ்விடத்தில் 'எல்லாப் பகுதிகளும்' என்று நாமாகச் சேர்த்தாலும் பிழை. 'சில பகுதிகள்' என்று சேர்த்தாலும் பிழை.

அவ்வளவு தொலைவு செல்லவும் வேண்டா. நம் ஆவடியிலேயே ஒரு சான்று உண்டு. 1955ஆம் ஆண்டு ஜனவரி மாதம், இந்திய தேசியக் காங்கிரசின் 60ஆவது மாநாடு ஆவடியில் கூடியது. உ. ந. தேபர் தலைமை தாங்கினார். அப்போது பிரதமராக இருந்தவர் ஜவஹர்லால் நேரு. சென்னை மாநில முதலமைச்சராக இருந்தவர் காமராசர். நாட்டின் திட்டங்கள் எந்தக் குறிக்கோளை நோக்கி அமைதல் வேண்டும் என்று அம்மாநாடு ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. 'சோஷலிச சமுதாயம்' என்று அத்தீர்மானம் கூறவில்லை. 'சோஷலிச பாணிச் சமுதாயம்' என்றே கூறியது. 'பாணி' என்ற அச்சொல்லைப் பற்றி அறிஞர் பலர் பின்னர் ஆராய்ந்தனர். பெரிதும் வரவேற்றோர் உண்டு. இது போதாது என்றோரும் உண்டு. மறு ஆண்டு வெளிவந்த தொழிற்கொள்கைத் தீர்மானத்திலும் அக்குறிக்கோள் இடம்பெற்றது. 'பாணி' என்னும் இரண்டெழுத்தைக் கவனக்குறைவால் விட்டுவிடும் ஒருவர், அம்மாநாடு கூறாத ஒன்றைக் கூறியதாக எழுதியவர் ஆவார். நாட்டின் வரலாற்றில் இடம்பெற்ற அத்தீர்மானம், இப்பகுதி மாணவர் நாள்தோறும் கடந்து செல்லும் ஊரில் நிறைவேறியது என்பதை எண்ணுந்தோறும் வியப்பு உண்டாகிறது.

என் அனுபவம் ஒன்றையும் இங்குக் கூறுதல் தகும். நான் ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், இப்பகுதிப் பள்ளி ஒன்றில் இரண்டு நாள் மாதிரி மாநாடு நடைபெற்றது. அவையில் ஆங்கிலமே வழங்கியது. நாளேட்டில் ஒரு பக்கம் தமிழுக்கென ஒதுக்கியிருந்தனர். அப்பக்கத்தைப் பார்த்துத் தருமாறு என்னை அழைத்திருந்தனர். முதல் நாள் மாலை, ஆற்றுநீர்ப் பங்கீட்டைப் பற்றிய வரைவு வாக்கெடுப்புக்கு வந்தது. பிரேசில் நாட்டின் பிரதிநிதியாக இருந்த மாணவி வாக்களியாது விலகி நின்றாள். அச்செய்தியை எழுதிய மாணவன், 'பிரேசில் எதிர்த்தது' என்று எழுதிவிட்டான். அவன் கொடுத்த தாளில் இரண்டு ஒற்றுப்பிழைகள் இருந்தன. அவற்றைத் திருத்தினேன், 'நன்று' என்று கூறி அனுப்பினேன்.

மறுநாள் காலை அம்மாணவி நாளேட்டைக் கையில் ஏந்தியவாறு எங்கள் அறைக்கு வந்தாள். அவள் கண்கள் கலங்கியிருந்தன. "ஐயா, நான் எதிர்க்கவில்லை. வரைவின் முற்பகுதியை ஆதரித்தே பேசினேன். பிற்பகுதி எங்கள் நாட்டின் கொள்கைக்கு ஒவ்வாததால் விலகி நின்றேன். நேற்று எதிர்த்தவர் இன்று எங்களோடு எப்படிச் சேரலாம் என்று கூறி, புதிய வரைவை எழுதும் குழுவில் என்னைச் சேர்க்க மறுக்கிறார்கள்" என்றாள்.

செய்தி எழுதிய மாணவன் முதலில், "இது மாதிரி மாநாடுதானே!" என்று மெல்லக் கூறினான். நான் அவனை நோக்கி, "தம்பி, மாநாடு மாதிரியாக இருக்கலாம், இந்தப் பெண்ணின் வருத்தம் மாதிரியா?" என்று கேட்டேன். அவன் தலைகுனிந்தான். என் தலையும் நிமிரவில்லை. ஒற்றுப்பிழையைத் திருத்திய நான், 'எதிர்த்தது என்கிறாயே, வாக்குக் கணக்கைப் பார்த்தாயா?' என்று ஒரு வினாக் கேட்டிருந்தால் அப்பிழை அச்சேறியிராது. எழுத்தின் பிழையைக் கண்ட கண் பொருளின் பிழையைக் காணவில்லை.

அம்மாணவன் அதன்பின் செய்தது பாராட்டத்தக்கது. தலைவரிடம் சென்று வாக்குக் கணக்கை வாங்கிப் பார்த்தான். அன்றைய ஏட்டின் முதற்பக்கத்தில், 'பிரேசில் எதிர்க்கவில்லை. வாக்களியாது விலகி நின்றது. நேற்று நாம் எழுதியது பிழை. வருந்துகிறோம்' என்று எழுதினான். பிழை எவ்வளவு பெரிய எழுத்தில் வெளிவந்ததோ அவ்வளவு பெரிய எழுத்திலேயே திருத்தமும் வெளிவந்தது. அதனைப் பேரவையில் தானே எழுந்து படிக்கவும் அவன் தயங்கவில்லை. அம்மாணவியைக் குழுவில் சேர்த்துக்கொண்டனர்.

எதிர்த்தல் வேறு, விலகி நிற்றல் வேறு என்பது வெறும் சொல் வேறுபாடு அன்று. பொதுச்சபையின் விதிப்படி, விலகி நிற்போர் வாக்களித்தவராகக் கருதப்படுவதில்லை. ஆதலின், முதன்மையான பொருள்களில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும்போது, எதிர்ப்பு வாக்கு ஒன்று கணக்கை மாற்றும், விலகல் மாற்றாது. 2022ஆம் ஆண்டு மார்ச்சு 2ஆம் நாள், உக்ரைன் போரைப் பற்றிய தீர்மானம் பொதுச்சபையின் முன் வந்தது. 141 நாடுகள் ஆதரித்தன; 5 நாடுகள் எதிர்த்தன; 35 நாடுகள் விலகி நின்றன. விலகி நின்றவற்றுள் நம் இந்தியாவும் ஒன்று. அன்று ஒருவர் 'இந்தியா எதிர்த்தது' என்று எழுதியிருந்தால், ஒரு நாட்டின் அயலுறவுக் கொள்கையையே திரித்துக் கூறியவராவார். பள்ளிக் கூடத்தில் நேர்ந்த பிழையும் உலக மன்றத்தில் நேரக்கூடிய பிழையும் அளவால் வேறு, இயல்பால் ஒன்றே.

இதிலிருந்து நாம் அறியத்தக்க உண்மை ஒன்று உண்டு. மாதிரி மாநாட்டில் எல்லாரும் வேடம் புனைந்தவரே. பிரேசில் நாட்டின் பிரதிநிதி பிரேசில் நாட்டினர் அல்லர். அவைத்தலைவர் உண்மைத் தலைவர் அல்லர். நிறைவேறும் தீர்மானம் எந்நாட்டையும் கட்டுப்படுத்தாது. செய்தியாளர் ஒருவரே வேடம் புனையாதவர். அவர் காண்பது மெய்யாக நிகழ்ந்தது. கேட்பது மெய்யாகப் பேசப்பட்டது. எழுதுவது மெய்யான மனிதரைப் பற்றியது. எனவே, மற்றவர்க்கு அது பயிற்சி. அவருக்கோ அன்றே தொடங்கிய பணி. இக்காலத்தில் கைப்பேசி வைத்திருப்போர் யாவரும் ஒருவகையில் செய்தியாளராகிவிட்டனர். ஒருவர் பேச்சில் நடுவே ஒரு துண்டை மட்டும் வெட்டி எடுத்து ஊரெங்கும் பரப்புதல் நொடிப்பொழுதில் நிகழ்கிறது. பரவிய பொய்யைத் துரத்திப் பிடித்தல் எளிதன்று. ஆதலின் இப்பயிற்சி, இதழ்த்தொழிலை மேற்கொள்ள விரும்புவார்க்கு மட்டுமன்றி, அனைவர்க்கும் வேண்டுவதாயிற்று.

மாணவர்களே! உங்கள் பள்ளியில் இத்தகைய மாநாடு நடைபெறுமானால், செய்திப் பணிக்கு முன்வாருங்கள். மாநாடு இல்லையேல், இலக்கிய மன்றக் கூட்டத்தையோ விளையாட்டு விழாவையோ கண்டு எழுதிப் பழகுங்கள். கேட்டதைக் கேட்டபடி எழுதுங்கள். ஐயம் தோன்றினால் உரியவரைக் கேளுங்கள். பிழை நேர்ந்தால் அதனை ஒளிக்காமல், நேர்ந்த இடத்திலேயே திருத்துங்கள். ஔவையாரின் சொல்லைப் பல நூற்றாண்டு காத்து நமக்களித்த பெயரறியாப் பெரியோரின் மரபில் நீங்களும் ஒருவராவீர்கள்.